பூச்சியும் பூச்சயும்

எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் நான் வீட்டை விட்டே ஓடிய காலம் ஒன்று உண்டு. ஏன் அவ்வளவு பயம் என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், அதைச் சொல்லேன் என்று காத்திருப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என் மேல் தூக்கிப் போடவில்லை, காதுக்குள் எதுவும் புகுந்துவிடவில்லை. பயம் இருந்தது, அவ்வளவுதான். இப்போது இல்லை. அது போன கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுச் சேச்சியைப் பற்றித்தான் எழுத வருகிறது.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து நாங்கள் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தது என் கணவருக்குச் சுக்கு, மிளகு கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்ததால். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரே ஓட்டு வீட்டை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முற்றத்துக்கு நடுவில் இடுப்பளவு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சேச்சியும் அவள் மகனும். பழைய ஓட்டு வீடு என்றால் என்ன அர்த்தம் என்று வந்த ஐந்தாம் நாள் எனக்குத் தெரிந்தது. குளியலறைக் கதவைத் திறந்தேன். கதவின் உட்பக்கம், என் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. வலை பின்னாத சாதி. பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, ஓடினால் கண்ணுக்குத் தெரியாத வேகம்.

நான் துண்டோடு முற்றத்துக்கு ஓடி வந்து "பூச்சி, பூச்சி" என்று கத்தினேன். கணவர் வேலைக்குப் போய்விட்டார். சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. என்னைப் பார்த்தது, உள்ளே போனது. ஒரு நிமிஷத்தில் நைட்டியும் தோளில் துண்டுமாக அந்தப் பெண் சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு மத்தித் தலைகள்.

"பூச்ச எவிடெ?" என்று கேட்டாள்.

நான் குளியலறையைக் காட்டினேன். அவள் வாசலில் குந்தி உட்கார்ந்து, தட்டைத் தரையில் வைத்து, "ப்ஸ் ப்ஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஊரில் எட்டுக்கால் பூச்சியை மீன் காட்டித்தான் வெளியே கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நிஜமாகவே நினைத்தேன். அதுவும் வந்துவிடுமோ என்று இரண்டடி பின்னால் போனேன். கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள். அங்கே பூனை எதுவும் இல்லை. நான் விரல் நீட்டிக் கதவைக் காட்டினேன்.

அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மத்தித் தலைகளைப் பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மலையாளத்தில் பூச்ச என்றால் பூனை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பூச்சிக்கும் பூச்சக்கும் நடுவில் இருப்பது கடைசி எழுத்து ஒன்றுதான். அதை வைத்து அந்தச் சந்தில் ஒரு வாரம் என் மானத்தை வாங்கினாள். மளிகைக் கடைக்காரர்கூட என்னைப் பார்த்ததும் பூனைக்கு மீன் வாங்கவில்லையா என்று கேட்டார்.

அவளை நான் சேச்சி என்று கூப்பிட்டேன். தமிழ்ப் பெண்களை இப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்ததால் அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். இரண்டு பேருமே மற்றவரைத் தன்னைவிட மூத்தவர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். யார் மூத்தவர் என்று கணக்குப் பார்க்கும் எண்ணம் இரண்டு பேருக்கும் வரவில்லை. பார்த்தால் யாராவது ஒருவருக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கு அவள் அந்தப் பூச்சியை அடிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாயா கிளாஸ் ஒன்றை எடுத்து மெதுவாக அதன் மேல் கவிழ்த்தாள். தடிமனாக ஒரு காகிதம் கேட்டாள். கைக்குக் கிடைத்தது என் கணவரின் பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. மங்கலமான பொருளைப் பூச்சிக்குக் கொடுக்கலாமா என்று எனக்குத் தயக்கம். அவள் அதற்குள் பத்திரிகையைக் கிளாசுக்கும் கதவுக்கும் நடுவில் சொருகி, கிளாசோடு தூக்கிக்கொண்டு போய், சுவரோரம் இருந்த செம்பருத்தியில் விட்டுவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு எங்களால் போக முடியவில்லை. பத்திரிகை மட்டும் எங்கள் வீட்டில் பல வருஷம் உழைத்தது.

அதற்குப் பிறகு எட்டுக்காலி வந்தால் நான் முற்றத்தில் நின்று "சேச்சி, பூச்ச" என்று கத்துவேன். அவள் வருவாள். பயப்படாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. சொன்னதும் போய்விடுகிற பயமாக இருந்தால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேனா? அவள் செய்தது வேறு. முதல் மழைக்காலம் முழுக்க நான் வாசலில் நின்றேன். அடுத்ததில் பத்திரிகையை நீட்டுகிற வேலை எனக்கு வந்தது, அதுவும் கையை முழுசாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒரு நாள் அவள் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றாள். பார் என்று சொல்லவில்லை. நான்தான் பார்த்தேன். முன்னால் இருந்த இரண்டு சிறிய கால்களால் அது தன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

எல்லாமே கிளாசுக்கு அடங்குகிறவை அல்ல என்பதில் அவள் கறாராக இருந்தாள். எட்டுக்காலியையே அமுக்கினால் கடிக்கும், அதனால் கிளாஸ் விளிம்பில் கால் மாட்டாமல் வைக்க வேண்டும். அவர்கள் பழுதார என்று சொல்லும் பூரானைக் கண்டால் கிட்டவே போகக் கூடாது, நீளத் துடைப்பமும் வாளியும்தான். ஒரு தடவை கூரையின் இறவாணத்தில் குளவி கூடு கட்டியபோது, கல்லெறியப் போன என் கணவரை வாசலிலேயே நிறுத்தி, ஜன்னலைச் சாத்த வைத்து, கூடு எடுக்கத் தெரிந்த ஆளை எங்கிருந்தோ வரவழைத்தாள். என் வேலை தையல். மூலையில் எப்போதும் வெட்டுத்துணி மூட்டை கிடக்கும். அதில் கை விடுவதற்கு முன் ஸ்கேலால் நாலு தட்டு தட்டச் சொன்னதும் அவள்தான்.

பூச்சியைச் செம்பருத்தியில் விட்டதும் அவள் உடனே போக மாட்டாள். என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்காருவாள். நான் சாயா போடுவேன். பத்து நிமிஷம் என்று உட்கார்ந்தால் அரைமணி ஆகிவிடும். டீக்கடைகளுக்கு வெள்ளையப்பம் சுட்டுக் கொடுக்கிறவள் அவள். நானோ கொடுத்த தேதிக்குள் பிளவுஸ் தைக்க வேண்டியவள். அந்தச் சந்தில் காரியம் இல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போய் உட்காருவதில்லை. எங்கள் காரியம் பூச்ச. அவள் மகனைப் பற்றிப் பேசுவாள், இல்லாமல் போன அவள் கணவரைப் பற்றிப் பேசுவாள். எனக்கு ஏன் குழந்தை இல்லை என்று அந்தச் சந்தில் ஒரு தடவைகூடக் கேட்காத ஒரே ஆள் அவள். அதற்காகவே அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது என்று நினைக்கிறேன்.

பயம் போனது எந்த நாளில் என்று சொல்ல முடியாது. போய்விட்டது என்று தெரிந்த நாள் நினைவிருக்கிறது. மத்தியானம், ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மெஷினுக்கு மேலே சுவரில் ஒன்று வந்து நின்றது. வயிற்றுக்கடியில் வெள்ளையாக, தட்டையாக, முட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு மிச்சமிருந்த மூன்று கொக்கிகளையும் வைத்து முடித்து நூலைக் கடித்தேன். அப்போதுதான், நான் கத்தவில்லையே என்று உறைத்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பயம் போய்விட்டது என்று தெரிந்தால் சேச்சி எதற்கு வருவாள்? பூச்சியிடம் "இரு" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய், எப்போதும் கத்துகிற மாதிரியே கத்தினேன். அவள் ஓடி வந்தாள். நான் வாசலில் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் நடித்தேன். வாரம் ஒரு பூச்ச. சில வாரம் இரண்டு.

இன்னொரு பக்கம், பயம் போன இடத்தில் திமிர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் அவசரமாக ஒரு துண்டுத் துணி வேண்டியிருந்தது. ஸ்கேலை எடுக்கவில்லை, தட்டவில்லை, மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். விரலில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கையை உதறியபோது பூரான் ஒன்று துணிக்குள் மறைவதைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் கத்திய கத்தலில் நடிப்பு எதுவும் இல்லை. சேச்சி வந்து விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஐஸைத் துணியில் சுற்றி வைத்தாள். வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியதும், காத்திருந்து பார்க்கலாம் என்ற என் பேச்சைக் காதில் வாங்காமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

அவள் சீட்டு எடுக்கப் போயிருந்த நேரத்தில் நர்ஸ் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அத்தனை வருஷம் கொச்சியில் இருந்து கற்றதெல்லாம் வலியில் மறந்துபோய், நாக்கு தமிழுக்குத் திரும்பிவிட்டது. "பூச்சி கடிச்சிட்டு" என்றேன். வீட்டுப் பூச்சயா என்று கேட்டார். ஆமாம், வீட்டில்தான், துணிமூட்டைக்குள் இருந்தது என்றேன். அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று அடுத்த கேள்வி. பூரானுக்கு யார் ஊசி போடுவார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. இல்லை என்று கடுப்பாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது சேச்சி சீட்டோடு வந்து சேர்ந்தாள். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். நர்ஸ், நான், பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தோம். பூச்சயல்ல, பழுதார என்று சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது.

டாக்டர் ஒரு ஊசி போட்டு, மூச்சு வாங்குகிறதா, தலை சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சேச்சி என் வீங்கிய கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பேடி போயா போட்டெ அக்கா. கண்ணு போகண்டா."

பயம் போனால் போகட்டும், பார்த்து நடக்கிற கண் போக வேண்டாம். எனக்குக் கையின் வலி மறந்துவிட்டது. தெரிந்துவிட்டது அவளுக்கு. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பயப்படுகிறவள் தட்டாமல் கை விட மாட்டாள் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தாளா, அல்லது நான் முகத்தைச் சுளித்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாளா? இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் பூச்சிகள் வந்தன, போயின, நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் தாங்கவில்லை. முற்றத்தில் நின்று, வெட்கத்தோடு, சின்னக் குரலில் "சேச்சி, பூச்ச" என்றேன். அந்தப் பக்கம் அப்பச் சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எப்போதும் போலக் கிளாசைக் கவிழ்த்தாள். எப்போதும் போல நான் பத்திரிகையை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. எப்போதும் போல ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

போன வருஷம் அவள் மகன் பாலத்துக்கு அந்தப் பக்கம் தேவராவில் ஃபிளாட் வாங்கினான். ஒன்பதாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு நல்லது, இனி அப்பம் சுட வேண்டாம் என்றான். நல்ல பிள்ளை, அவன் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட நானும் கூட நின்றேன். அவள் எங்கள் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வண்டி கிளம்பியது. அவள் கதவுப் பக்கம் உட்கார்ந்து, சந்து திரும்பும் வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

அடுத்த எட்டுக்காலி வந்தபோது நானே கிளாசை எடுத்தேன். பத்திரிகையைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் காலண்டர் அட்டையைக் கிழித்துச் சொருகி, தூக்கிக்கொண்டு போய்ச் செம்பருத்தியில் விட்டேன். எல்லாம் சரியாக நடந்தது. திரும்பிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவ்வளவு வருஷம் பயந்தபோதுகூட நான் அழுததில்லை. அன்றைக்கு வெறும் கிளாசோடு முற்றத்தில் நின்று அழுதேன்.

போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிடித்த பூச்சியைப் படம் எடுத்து அனுப்புவேன். அவள் ஒரு பூனைப் படம் பதிலாக அனுப்புவாள். கூப்பிட்டால் "சுகமல்லே" என்பாள், சுகம் என்பேன், அதோடு பேச்சு நின்றுவிடும். கிளாசுக்குள் இருக்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகியவர்கள் நாங்கள். போனில் பார்க்க ஒன்றும் இல்லை. வா என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. காரியம் இல்லாமல் எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

காரியம் தேடினேன். அவளுக்கு ஒரு நைட்டி தைத்து எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். அளவு மாறியிருக்குமே என்று நானே ஒரு நொட்டை கண்டுபிடித்தேன். ஒரு எட்டுக்காலியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் என்ன என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பஸ்ஸில் மூடி திறந்துகொண்டால் கண்டக்டர் என்னை இறக்கிவிடுவார் என்பதற்காகத்தான் அதை விட்டேன். இப்படியே ஆறேழு மாதம் ஓடியது. சுவரில் ஓடும் பூச்சிக்கு அஞ்சாதவள் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட அஞ்சிக்கொண்டிருந்தேன். அது எனக்கே அசிங்கமாகிவிட்டது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மெஷினை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். தோப்பும்படி வழியாகப் போகிற பஸ், பாலம், காயல், கப்பல்கள். கையில் மணிபர்ஸைத் தவிர ஒன்றும் இல்லை. ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் திறந்தபோது திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. மணியை அழுத்தினேன்.

சேச்சிதான் திறந்தாள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"எந்தா அக்கா? பூச்ச வந்நோ?"

"இல்ல சேச்சி," என்றேன். "சும்மா."

அந்த ஒரு சொல் அவள் பாஷையிலும் அதுவேதான். அவள் கதவை முழுசாகத் திறந்தாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சோபாவில் உட்கார வைத்துவிட்டுச் சாயா போடப் போனாள்.

பளபளவென்று வீடு. வெள்ளைச் சுவர்கள், ஜன்னல்களுக்கெல்லாம் கொசு வலை. டிவிக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு கண்ணாடி கிளாஸ் கவிழ்த்து வைத்திருந்தது. அதற்கு அடியில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அன்றைக்குத் தண்ணீர் குடிக்க உள்ளே போனவள் அதைத்தான் எடுத்து வந்திருக்கிறாள். சாயாவோடு வந்தவள், நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தாள். இவ்வளவு உயரத்துக்கு எட்டுக்காலி ஏறி வருமா என்று கேட்டேன்.

"ஒந்நும் வருந்நில்ல அக்கா," என்றாள். "வந்நா அக்காவெ விளிக்காம்னு வெச்சிட்டு."

ஒன்றுகூட வரவில்லை; வந்தால் என்னைக் கூப்பிடலாம் என்று வைத்திருக்கிறாள். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாயா குடித்துக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் சுத்தமாக இருந்தது.